கொடுங்கோலர்களில் யார் மோசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாறு படிக்கிறவன் என்று தெரிந்தால் போதும், பத்தில் ஆறு பேர் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு சின்ன விஷயம் முதலில்: 'கொன்றார்', 'எரித்தார்' என்று இவர்களுக்கு மரியாதை விகுதி போடுவது எனக்கே உறுத்துகிறது. எழுத்து வழக்கம் அப்படி ஆகிவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

நேராகச் சொல்லுங்கள். வரலாற்றிலேயே அதிகம் பேரைக் கொன்றது யார்?

ஒருவர் ஆட்சியில், அவர் எடுத்த முடிவுகளால் போன உயிர்களை எல்லாம் எண்ணினால் மாவோ. 1958 முதல் 1962 வரை அவர் சீனாவில் நடத்திய 'மாபெரும் பாய்ச்சல்' என்ற திட்டம் கொண்டுவந்த பஞ்சத்தில் இறந்தவர்கள் 1.5 கோடி என்பவர்களும் உண்டு, 4.5 கோடி என்பவர்களும் உண்டு. 3 கோடியை ஒட்டிச் சொல்பவர்கள்தான் அதிகம்.

இன்ன இனத்தில் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தேடிப் பிடித்துக் கொன்றதை எண்ணினால் ஹிட்லர். 60 லட்சம் யூதர்கள். கைக்குழந்தை உட்பட ஒருவரும் மிஞ்சக்கூடாது என்பதே அங்கே திட்டம்.

சொந்த நாட்டு மக்களில் எத்தனை பங்கு என்று பார்த்தால் போல் பாட். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை, நான்கு வருடம்கூட முழுதாக இல்லை. கம்போடியாவின் 80 லட்சம் பேரில் 15 முதல் 20 லட்சம் பேர் போய்விட்டார்கள். வேகத்தைப் பார்த்தால் 1994-ன் ருவாண்டா: சுமார் 100 நாளில் 5 முதல் 8 லட்சம் பேர், பெரும்பாலும் வெட்டுக்கத்தியாலும் தடியாலும்.

ஒரே கேள்விக்கு நான்கு பதில் வந்துவிட்டது. 'முதலிடம் இவருக்கு' என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு எண் இருக்கிறதே, ஏன்?

எண்ணை யார் எழுதினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

சீனாவில் 755-ல் ஆன் லூஷான் என்ற தளபதியின் கலகம் வெடித்தது. கலகத்துக்கு முன் அரசாங்கக் கணக்கில் மக்கள்தொகை 5.29 கோடி. கலகம் அடங்கிய பின் 764-ல் 1.69 கோடி. கழித்துப் பார்த்துவிட்டு '3.6 கோடி பேர் செத்தார்கள்' என்று பல பட்டியல்கள் எழுதிவிடுகின்றன. உண்மையில் அந்த இடைவெளியில் செத்தது பாதி ஆட்சிதான்: வரி எழுதுகிறவர்கள் இல்லை, பல மாகாணங்கள் தலைநகருக்குக் கணக்கே அனுப்பவில்லை, மக்கள் ஊர் விட்டு ஊர் போய்விட்டார்கள். ஏட்டில் இல்லாதவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, கொன்றவர்களே எழுதிய கணக்கு. 1941 டிசம்பர் 1 அன்று லித்துவேனியாவிலிருந்து கார்ல் யேகர் என்ற, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தேதி, ஊர், யூத ஆண்கள், யூதப் பெண்கள், யூதக் குழந்தைகள் என்று வரிசை வரிசையாக எண்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டிய தொகை, அது அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடி. கடைசித் தொகை 1,37,346. மளிகைக் கடைப் பேரேடு மாதிரியே இருக்கும். ஹிட்லர் காலத்துக் கொலைகளைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேச முடிவதற்கு இப்படிப்பட்ட தாள்கள் ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, கணக்கெடுத்தவனையே தீர்த்துக்கட்டுவது. சோவியத் யூனியனின் மக்கள்தொகை 16.8 கோடி என்று 1934-ல் கட்சி மாநாட்டு மேடையில் ஸ்டாலின் சொல்லியிருந்தார். 1937 ஜனவரியில் ஒரே நாளில் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். வந்தது 16.2 கோடி. மூன்று வருடம் கழித்து எண்ணியும், மேடையில் சொன்னதைவிட 60 லட்சம் குறைவு. 1932-33 பஞ்சத்தில் போனவர்கள் அந்த எண்ணிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கணக்கெடுப்பு செல்லாது என்று அறிவித்து, நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தார்கள். கணக்கெடுப்புப் பிரிவின் தலைவர் ஒலிம்பி குவித்கின் அந்த வருடமே சுடப்பட்டார். 1939-ல் புதிதாக எண்ணினார்கள். 17 கோடி வந்தது. வராமல் இருக்குமா?

ஹிட்லரா, ஸ்டாலினா?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தேவைப்படுவதில்லை, ஏற்கெனவே கையில் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

பனிப்போர்க் காலத்தில் ஸ்டாலின் கொன்றது 2 கோடி என்றும் 6 கோடி என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். 1991-க்குப் பிறகு சோவியத் ஆவணக் காப்பகங்கள் திறந்தன. 1937, 1938 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் அரசியல் குற்றச்சாட்டில் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்று ரகசியப் போலீஸின் சொந்தக் கணக்கே சொன்னது. குலாக் என்ற கட்டாய உழைப்பு முகாம்களில் இறந்ததாகப் பதிவானவர்கள் சுமார் 16 லட்சம். பஞ்சத்தில் இறந்தவர்கள் 55 லட்சத்திலிருந்து 87 லட்சம் வரை. நாடுகடத்தலில் இறந்தவர்கள் தனி. 6 கோடி என்ற பேச்சு அத்தோடு அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை.

ஹிட்லர் பக்கம்: 60 லட்சம் யூதர்கள், பிடிபட்டபின் பட்டினியிலும் குளிரிலும் விடப்பட்டு இறந்த சுமார் 30 லட்சம் சோவியத் போர்க்கைதிகள், போலந்து மக்கள், ரோமா மக்கள், மனநலக் காப்பகங்களில் விஷவாயுவாலும் ஊசியாலும் கொல்லப்பட்ட மாற்றுத்திறனாளிகள். ஒரு கோடியைத் தாராளமாகத் தாண்டும், போர்க்களத்துச் சாவுகளைச் சேர்க்காமலே. திட்டமிட்டுக் கொன்றதை மட்டும் பார்த்தால் ஹிட்லரின் கணக்கே பெரியது. அதுவும் பெரும்பகுதி 1941 முதல் 1945 வரையிலான நான்கே வருடத்தில். ஸ்டாலினுக்குக் கிடைத்தது கால் நூற்றாண்டு.

இலக்கு நிர்ணயித்துக் கொன்றதில் மட்டும் ஸ்டாலினுக்கு ஈடு சொல்வது கஷ்டம். 1937 ஜூலை 30 தேதியிட்ட 00447 என்ற உத்தரவில் மாகாணவாரியாக எண் போட்டிருந்தார்கள். இந்த மாகாணத்தில் இத்தனை பேரைச் சுட வேண்டும், இத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று. பெயர் கிடையாது, எண் மட்டும். சுட வேண்டியவர்கள் முதலில் 75,950. உள்ளூர் அதிகாரிகள் 'எங்களுக்கு ஒதுக்கியது போதவில்லை, கூட்டித் தாருங்கள்' என்று மாஸ்கோவுக்கு எழுதினார்கள். கூட்டிக் கொடுத்தார்கள். முடிவில் இந்த ஓர் உத்தரவின்படி மட்டும் சுடப்பட்டவர்கள் 3.8 லட்சத்துக்கும் மேல்.

பஞ்சத்தில் செத்தவர்களைக் கொலைக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

மாவோ, ஸ்டாலின் இருவருடைய எண்ணிக்கையும் இதில்தான் தொங்குகிறது. மழை பொய்த்தால் அதற்கு ஆட்சியாளர் பொறுப்பில்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம்: பட்டினி என்று மேலே தெரியுமா, தானியம் இருந்ததா, தப்பி ஓட விட்டார்களா?

மாவோ விஷயத்தில் மூன்றுக்கும் பதில் இருக்கிறது. விளைச்சலை ஊதிப் பெருக்கிச் சொல்ல உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்குள் போட்டி நடந்தது. அந்தப் பொய்யான விளைச்சலில் இத்தனை பங்கு அரசுக்கு என்று வசூலித்தார்கள். பொய் காகிதத்தில், வசூல் நிஜத்தில். விதைநெல் வரை போயிற்று. 1959 ஜூலையில் லூஷான் மலையில் நடந்த கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதி, ரொம்பப் பணிவாகவே, தவறுகளைச் சுட்டினார். பதவி போயிற்று. அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்? பஞ்சத்தின் மோசமான வருடமே 1960-தான். ஹெனான் மாகாணத்து ஷின்யாங் பகுதியில் 80 லட்சம் பேரில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். களஞ்சியங்களில் தானியம் இருந்தது. சாலைகளில் ஆயுதக் காவலர்களை நிறுத்தி ஊரைவிட்டுப் போகாமல் தடுத்தார்கள். 'இங்கே சாகிறோம்' என்று வெளியூருக்கு எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் தபால் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டன. இதை வெறும் பஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஹிட்லரைப் போல மாவோ அந்த மக்களை ஒழிக்க நினைத்தார் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் பொருட்டாகவே தெரியவில்லை. அவ்வளவுதான்.

உக்ரைனில் 1932-33-ல் 35 லட்சத்துக்கும் மேல் இறந்தபோதும் இதே கதைதான்: வசூல் நிற்கவில்லை, 1933 ஜனவரியில் விவசாயிகள் வெளியேறத் தடை வந்தது. அதே காலத்தில் கஜகஸ்தானில் 15 லட்சம் அளவில் இறந்தார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அடி அங்கேதான் பலம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

அப்படியானால் பிரிட்டிஷ் ஆட்சியின் பஞ்சங்களும் கணக்கில் வருமா?

அதே மூன்று கேள்வியை அங்கேயும் கேட்கத்தான் வேண்டும். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில், பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் இறந்தார்கள். கப்பலில் தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தின் விலையும் ஓர் அணாவும் கூலியாகப் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நிர்ணயித்தார். கல் உடைக்கிறவனுக்கு அது பத்தாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அப்படி ஒருவர் எழுத முடிந்தது, அது அச்சிலும் வந்தது என்பது ஷின்யாங்கிலிருந்து ஒரு வித்தியாசம். செத்தவர்களுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன லாபம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம். அரசு விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது 15 லட்சம்.

பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் பல பட்டியல்களில் இல்லையே?

கணக்கை எரித்துவிட்டார், அதுதான் காரணம். கேலியாகச் சொல்லவில்லை. 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜியத்தின் காலனிகூட இல்லை, அந்த அரசரின் சொந்தச் சொத்து. அவர் ஒருமுறையும் அங்கே கால் வைத்ததில்லை. 1908-ல் அதை பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்கும் முன் பிரஸ்ஸல்ஸில் நாள்கணக்கில் ஆவணங்களை எரித்தார்கள்.

அங்கேயும் ஒரு கணக்கு நடந்தது, வேறு மாதிரி. கொடுத்த தோட்டாக்களைச் சிப்பாய்கள் வேட்டைக்கு வீணாக்கவில்லை என்று காட்ட, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். குறி தவறியவனும் மிருகத்தைச் சுட்டவனும் என்ன செய்வான்? உயிரோடு இருப்பவர்களின் கையை வெட்டினான். கூடை கூடையாகக் கைகள் வந்தன.

1904-ல் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரி எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. இன்சாலா என்பவர் திண்ணை போன்ற ஒரு மேடையில் பக்கவாட்டில் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் இருப்பது அவருடைய ஐந்து வயது மகளின் கையும் பாதமும். அவளில் அவரிடம் வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.

எத்தனை பேர்? ஒரு கோடி என்று பரவலாகச் சொல்வது, மக்கள்தொகை பாதியானது என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. முதல் உருப்படியான கணக்கெடுப்பு 1920-களில்தான். தூக்கநோயும் அம்மையும் கொன்றவர்களைப் பிரிக்கவும் வழியில்லை. எண் உறுதியாக இல்லாததால் பட்டியல்காரர்கள் அவரை விட்டுவிடுகிறார்கள். எரித்ததன் பலன் அவருக்கு இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

செங்கிஸ் கான், தைமூர் எல்லாம்?

இங்கே பிரச்சினை தலைகீழ்: எண்ணை ஊதினார்கள். 1221-ல் மங்கோலியர் மெர்வ் நகரை அழித்தபோது, ஒருவர் எழுத்தர்களோடு உட்கார்ந்து 13 நாள் பிணங்களை எண்ணியதில் 13 லட்சத்துக்கும் மேல் வந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதிவைத்திருக்கிறார். 13 நாளில் 13 லட்சம் என்றால் நாளுக்கு ஒரு லட்சம். அந்தக் காலத்து ஒரு நகரத்தில் அவ்வளவு பேர் இருந்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஜுவைனி மங்கோலியரிடமே வேலை பார்த்தவர். அவர்களுக்கு இந்த எண்ணால் நஷ்டம் ஒன்றுமில்லை. கேட்ட அடுத்த ஊர்க்காரன் கோட்டைக் கதவைத் தானே திறப்பான். தைமூர் 1398-ல் டெல்லிப் போருக்கு முன் ஒரு லட்சம் கைதிகளைக் கொன்றதாகச் சொல்வதும் அவர் பக்கத்து எழுத்தாளர்களே. கொடூரம் உண்மை, பூஜ்ஜியங்களைத்தான் நம்ப முடியாது.

பெண் ஆட்சியாளர்களில்?

'இரத்த மேரி' என்ற பட்டம் பெற்ற, கத்தோலிக்கரான இங்கிலாந்து அரசி மேரி, 1555 முதல் 1558 வரை சுமார் 280 புராட்டஸ்டண்டுகளை எரித்தார். சொந்த மனைவிகள் இருவரின் தலையை எடுத்த அவருடைய அப்பாவுக்கும், 1569 கிளர்ச்சிக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிலிட்ட தங்கை எலிசபெத்துக்கும் அப்படிப் பட்டம் இல்லை. ஜெயித்தது புராட்டஸ்டண்டுகள்; பட்டம் கொடுத்ததும் அவர்களே.

இவர்கள் எல்லாம் மனநோயாளிகளா?

அப்படி இருந்தால் நமக்கு நிம்மதிதான். நியூரம்பெர்க் விசாரணையின்போது நாஜித் தலைவர்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் சராசரிக்கு மேல், கோரிங் 138.

தலைவர்களைவிட எனக்குப் புதிராக இருப்பது கீழே வேலை செய்தவர்கள்தான். 1942 ஜூலை 13, போலந்தில் யூசெஃபூஃப் என்ற ஊர். ஹாம்பர்கிலிருந்து வந்த 101-ஆம் ரிசர்வ் போலீஸ் படை, சுமார் 500 பேர். பெரும்பாலும் குடும்பம் குட்டி உள்ள நடுத்தர வயதுக்காரர்கள். விடியற்காலையில் தளபதி டிராப் அவர்களை நிற்கவைத்து, கண்கலங்க, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, 'இதைச் செய்ய முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம்' என்றார். விலகியவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன். அவர்களுக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. இருட்டுவதற்குள் 1,500 யூதர்கள் சுடப்பட்டிருந்தார்கள்.

இன்னொருவர் வசீலி பிளோகின், ஸ்டாலினின் தலைமைக் கொலையாள். 1940 ஏப்ரல், மே மாதங்களில் கலினின் நகரில் சுமார் 6,300 போலந்துக் கைதிகளைச் சுட்ட குழுவின் தலைவர். முதல் நாள் இரவு 300-க்கும் மேல் கொண்டுவந்துவிட்டார்கள். வேலை முடிவதற்குள் விடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து இரவுக்கு 250-ஐத் தாண்ட வேண்டாம் என்று குறைத்துக்கொண்டார்கள். பிளோகின் அதற்கென்றே தோலில் ஏப்ரன், தொப்பி, முழங்கைக்கு மேல் வரும் கையுறை கொண்டுவந்திருந்தார். அங்கே அதிகாரியாக இருந்த தோக்கரேவ் 1991-ல் விசாரணையில் இதையெல்லாம் சொன்னார்.

தொடர் கொலைகாரர்களை இவர்களோடு ஒப்பிடலாமா?

அளவில் முடியாது. ஹரோல்டு ஷிப்மேன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 23 வருடத்தில் தன் நோயாளிகள் 215 பேரைக் கொன்றதாக அரசு விசாரணை கண்டறிந்தது. அது பிளோகினுக்கு ஓர் இரவு வேலை. தனி ஆளுக்கு ரயில், பட்டியல், சம்பளம் வாங்கும் உதவியாளர்கள் கிடைப்பதில்லை.

'ஒரு சாவு துயரம், லட்சம் சாவு புள்ளிவிவரம்' என்று ஸ்டாலின் சொன்னாரா?

சொன்னதற்குச் சான்று இல்லை. சொல்லக்கூடியவர்தான் என்பது சான்றாகாது.

'இனப்படுகொலை' என்பதும் 'நிறையப் பேரைக் கொல்வது' என்பதும் ஒன்றா?

இல்லை. ரபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944-ல் உருவாக்கிய சொல்லின் தமிழ் வடிவம் இது. 1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கைப்படி, தேசிய, இன, மத அடிப்படையிலான ஒரு குழுவை அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அரசியல் குழுக்கள் அதில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கக்கூடாது என்று நின்றவர்களில் சோவியத் யூனியனும் ஒன்று. இதன் விளைவு விசித்திரமானது. 2018-ல், கம்போடியாவில் போல் பாட் நடத்திய கெமர் ரூஜ் இயக்கத்தின் இரண்டாம் தலைவர் நுவான் சியா இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது, வியட்நாமியரையும் சாம் முஸ்லிம்களையும் கொன்றதற்காக. இறந்தவர்களில் பெரும்பான்மையான கெமர் மக்களின் சாவு சட்டப்படி வேறு தலைப்பில் வருகிறது: மனித குலத்துக்கு எதிரான குற்றம்.

தண்டனை அனுபவித்தவர்கள் யாராவது?

குறைவு. ஸ்டாலின், மாவோ, லியோபோல்ட் பதவியிலேயே இறந்தார்கள். உகாண்டாவின் இடி அமின் சவுதியில் நிம்மதியாக இருந்து 2003-ல் போய்ச் சேர்ந்தார். போல் பாட் 1998-ல் படுக்கையில். மாட்டியவர்கள் என்றால், ருவாண்டாவின் இடைக்காலப் பிரதமர் கம்பண்டாவுக்கு 1998-ல் ஆயுள் தண்டனை. எக்வடோரியல் கினியின் மசியாஸ் 1979-ல் சுட்டுக்கொல்லப்பட்டார், அதுவும் சொந்த மருமகன் முறை உள்ளவர் ஆட்சியைப் பிடித்ததால்.

செத்தவர்களின் பெயர்களாவது எங்காவது இருக்கின்றனவா?

சில இடங்களில். எருசலேமில் யாத் வஷேம் நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் திரட்டியதில் 60 லட்சத்தில் 50 லட்சத்தை ஒட்டிய பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. மாஸ்கோவில் 2007 முதல் ஒவ்வோர் அக்டோபர் 29-லும் ரகசியப் போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே உள்ள சொலோவெத்ஸ்கி கல்லருகே மக்கள் வரிசையில் நின்று, ஆளுக்கு ஓரிரு பெயராக, வயது, தொழில், சுடப்பட்ட நாள் சொல்லி வாசித்தார்கள். காலையிலிருந்து இரவு வரை வாசித்தும் தீராது. அதை நடத்திய மெமோரியல் அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் எல்லாரையும் முந்தியவர் ஒரு கொடுங்கோலரேதான். ரஷ்யாவின் 'பயங்கர' இவான், 1570-ல் நவ்கொரோத் நகரைச் சூறையாடியவர், கடைசிக் காலத்தில் தான் கொன்றவர்களின் பெயர்களைத் தேடி எழுதச் சொல்லி, பிரார்த்தனைக்காகப் பணத்தோடு மடாலயங்களுக்கு அனுப்பினார். ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். பெயர் கிடைக்காத இடங்களில் எழுத்தர்கள் எண்ணை மட்டும் போட்டு, பக்கத்தில் எழுதினார்கள்: 'ஆண்டவரே, இவர்கள் பெயர் உமக்கே தெரியும்.'